வீட்டு ஓனரே வாடகைக்கு வந்த கதை: பிட்ஸ்பர்க் ஏன் தன் காலேஜ் டீமைக் கொண்டாடுவதில்லை?

ஒரே ஸ்டேடியம். ஒரே புல்தரை. ஒரே மஞ்சள் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை இங்கே டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. முந்தின நாள் சனிக்கிழமை வந்து பாருங்கள்... டிவி கேமரா மேல் வரிசைப் பக்கம் திரும்பினால் பல நேரம் ஆளில்லாத மஞ்சள்தான் தெரியும்.

இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க். ஞாயிற்றுக்கிழமை ஆடுவது என்.எஃப்.எல். டீமான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். சனிக்கிழமை ஆடுவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பேந்தர்ஸ். பல்கலைக்கழகத்தையும் டீமையும் ஊரில் எல்லோரும் 'பிட்' என்றே சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். (எக்ஸாம் ஹாலில் மாட்டுகிற பிட் இல்லை, இது வேற!)

நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் புதுப் பெயர் இல்லை. பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேஸ்வரா கோயில் அமெரிக்கத் தமிழர்களுக்கு ரொம்பப் பரிச்சயம். கார்னகி மெலனில் எம்.எஸ். படிக்கப் போன யாராவது ஒருத்தர் உங்கள் பேட்சிலும் இருப்பார். அந்த கார்னகி மெலனுக்குப் பக்கத்திலேயே, ஓக்லண்ட் என்ற பகுதியில்தான் பிட் வளாகமும் இருக்கிறது.

விளையாட்டு என்றால் உயிரைக் கொடுக்கிற ஊர் இது. அந்த ஊர் ஏன் சொந்தக் காலேஜ் டீமைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறது? 'டீம் சரியில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால், கதை அதைவிடப் பெரிசு.

காலேஜ் மேட்சுக்கு ஒரு லட்சம் பேரா?

முதலில் கொஞ்சம் பேஸிக்ஸ். இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுவது இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தோடு மோதுகிற அமெரிக்கன் ஃபுட்பால்.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் காலேஜ்களில்தான் பிறந்தது. முதல் காலேஜ் மேட்ச் நடந்தது 1869-ல், ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே. காசு வாங்கி ஆடும் புரொஃபஷனல் லீகான என்.எஃப்.எல். தொடங்கியது 1920-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சீனியர், காலேஜ் ஃபுட்பால்.

அதனால்தான் அங்கே சனிக்கிழமை காலேஜுக்கு, ஞாயிறு என்.எஃப்.எல்-லுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது. இதற்குச் சட்டமும் துணை. 1961-ல் வந்த ஒளிபரப்புச் சட்டம், காலேஜ் சீசன் நடக்கும் மாதங்களில் என்.எஃப்.எல். தன் மேட்சுகளைச் சனிக்கிழமை டிவியில் காட்டாமல் ஒதுங்கி நிற்கும்படி செய்திருக்கிறது.

சின்ன ஊர்களில் காலேஜ் டீம்தான் எல்லாமே. பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே 'ஸ்டேட் காலேஜ்'. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 40,000 பேர். ஆனால் அங்குள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மேட்ச் நாளில் ஊரைவிட ஸ்டேடியம் பெரிசு!

அலபாமா மாநிலத்தில் என்.எஃப்.எல். டீம் கிடையாது. ஒஹையோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் நகரத்திலும் கிடையாது. அங்கெல்லாம் 'நம்ம டீம்' எது என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்களிடம் ஒரே பதில்தான். பிட்ஸ்பர்க்கில் அப்படி இல்லை.

அன்றைக்கு ஓனர் பிட்... வாடகைக்கு ஸ்டீலர்ஸ்!

இப்போதுதான் ட்விஸ்ட். நூறு வருஷத்துக்கு முன்னால் பிட்ஸ்பர்க்கில் ஃபுட்பால் கெத்து காட்டியது பிட் டீம்தான்.

பிட் ஒன்பது தேசிய சாம்பியன் பட்டங்களை உரிமை கோருகிறது. அதில் எட்டு, 1915-க்கும் 1937-க்கும் இடையில் வந்தவை. பாப் வார்னர், ஜாக் சதர்லண்ட் என்று இரண்டு ஜாம்பவான் கோச்சுகளின் காலம் அது. 1925-ல் ஓக்லண்ட் மேட்டில், வளாகத்துக்குள்ளேயே சொந்தமாக 'பிட் ஸ்டேடியம்' கட்டினார்கள்.

ஸ்டீலர்ஸ் பிறந்தது அதற்குப் பிறகு, 1933-ல். ஆர்ட் ரூனி ஆரம்பித்த அந்த டீம், முதல் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒரு பிளேஆஃப் மேட்சைக்கூட ஜெயிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவை, 1947-ல் பிளேஆஃப் வரை எட்டிப்பார்த்தது. அப்போது கோச்சாக இருந்தவர் யார் தெரியுமா? பிட் டீமை உச்சத்தில் வைத்திருந்த அதே ஜாக் சதர்லண்ட்.

அது மட்டுமில்லை. 1950களின் கடைசியிலிருந்து 1969 வரை ஸ்டீலர்ஸ் தன் ஹோம் மேட்சுகளை ஆடியது பிட் ஸ்டேடியத்தில். முதலில் சில மேட்சுகள், 1964 முதல் மொத்தமாகவே அங்கேதான். அதாவது பிட் ஓனர், ஸ்டீலர்ஸ் வாடகைதாரர்.

சாம்பியன் ஆனாலும் ஊரில் இரண்டாவது இடம்

1970களில் எல்லாம் தலைகீழானது.

1972-ல் ஸ்டீலர்ஸ் முதல் பிளேஆஃப் வெற்றியைப் பெற்றது. அந்த வருஷத்திலிருந்து அதன் ஹோம் மேட்சுகளுக்கு டிக்கெட் மிச்சமானதே இல்லை. 1975 ஜனவரியில் முதல் சூப்பர் பவுல் பட்டம். பிறகு 1976, 1979, 1980 ஜனவரிகளிலும் பட்டம். ஆறு சீசனில் நான்கு கோப்பை.

இதே சமயத்தில் பிட் சும்மா இருந்ததா என்றால், இல்லவே இல்லை. 1976-ல் டோனி டார்செட் என்ற வீரரை வைத்துக்கொண்டு 12 மேட்சும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. காலேஜ் ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராஃபியும் அவருக்கே. அடுத்து வந்த டான் மரினோ, ஓக்லண்டிலேயே வளர்ந்த உள்ளூர்ப் பையன். 1979 முதல் 1981 வரை மூன்று சீசனும் பிட் 11-1.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இது பொற்காலம் என்று கல்வெட்டே வைத்திருப்பார்கள். ஆனால் அதே வருஷங்களில், அதே ஊரில் இன்னொரு டீம் சூப்பர் பவுலை வரிசையாக அள்ளிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, 1971-லும் 1979-லும் பேஸ்பால் டீம் பைரட்ஸ் வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது. பிட்டின் நேரத்தை என்ன சொல்ல?

ஆலை மூடியது... துண்டு மிஞ்சியது

கோப்பைகளை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

பிட்ஸ்பர்க், உலகத்துக்கே எஃகு காய்ச்சிக் கொடுத்த ஊர். 1980களில் அந்தத் தொழில் சரிந்தது. புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடப்பட்டது. வேலை போனவர்கள் குடும்பத்தோடு வேறு மாநிலங்களுக்குக் கிளம்பினார்கள். 1950-ல் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 6.77 லட்சம். 2020-ல் சுமார் 3.03 லட்சம். பாதிக்கும் மேல் காலி.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு மஞ்சள் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போகலாம். 1975-ல் ரேடியோ வர்ணனையாளர் மைரன் கோப் ஆரம்பித்துவைத்த 'டெரிபிள் டவல்' அது. ரசிகர்கள் அந்தத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினால், அது ஸ்டீலர்ஸ் மேட்ச் என்று அர்த்தம். இன்றைக்கும் அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் எதிரணி ஸ்டேடியத்தில்கூட அந்தத் துண்டுகள் சுழல்வதற்குக் காரணம், அன்று கிளம்பிய குடும்பங்களும் அவர்களின் வாரிசுகளும்தான். (மைரன் கோப் எங்கே படித்தவர்? பிட் பல்கலைக்கழகத்தில்!)

டீமின் பெயரே 'எஃகுத் தொழிலாளிகள்'. ஹெல்மெட்டில் இருக்கும் லோகோ எஃகுத் தொழில் அமைப்பின் சின்னத்திலிருந்து வந்தது. ஆலை போன பிறகு, 'நாங்கள் எந்த ஊர்க்காரர்கள்' என்று சொல்லிக்கொள்ள அந்த மக்களிடம் மிஞ்சியது இந்த டீம். சின்ன ஊர்களில் காலேஜ் டீம் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைப் பிட்ஸ்பர்க்கில் ஸ்டீலர்ஸ் செய்துவிட்டது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாச்சு.

சரியாக அதே 1980களில்தான் பிட் டீமின் இறக்கமும் தொடங்கியது. ஊர் எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்த நேரத்தில், கைக்குக் கிடைத்தது ஸ்டீலர்ஸ்.

நிறம்கூடப் பிட்டுக்குச் சாதகமாக இல்லை. ஸ்டீலர்ஸ், பேஸ்பாலில் பைரட்ஸ், ஐஸ் ஹாக்கியில் பென்குவின்ஸ் என மூன்று டீமுக்கும் நகரக் கொடியின் கறுப்பும் தங்கமும்தான். ஒரே ஜாக்கெட்டை வருஷம் முழுக்க மூன்று விளையாட்டுக்கும் போட்டுக்கொள்ளலாம். பிட்டின் நிறம் நீலமும் தங்கமும்.

1999: வீட்டை இடித்தார்கள்

1990களில் பிட் ஸ்டேடியம் பழசாகிவிட்டது. பழுது பார்க்கச் செலவு, டீமோ தோற்றுக்கொண்டிருந்தது. 1999 நவம்பர் 13-ம் தேதி அங்கே கடைசி மேட்ச். நோட்ர டேம் அணியை 37-27 என்று ஜெயித்து விடைபெற்றார்கள். பிறகு ஸ்டேடியம் இடிக்கப்பட்டு, 2002-ல் அதே இடத்தில் பேஸ்கட்பால் அரங்கம் வந்தது.

ஃபுட்பால் டீம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. முதலில் த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில் ஒரு சீசன். 2001-ல் ஹைன்ஸ் ஃபீல்டு திறந்ததும் அங்கே குடியேறியது. 2022-லிருந்து அதற்கு அக்ரிஷர் ஸ்டேடியம் என்று பெயர். சுமார் 68,000 இருக்கை. எல்லா மூலையிலும் ஸ்டீலர்ஸ் வாசனை. பயிற்சி வளாகமும் இரண்டு டீமும் பகிர்ந்துகொள்வதுதான். அதன் பெயரில் இருப்பதும் ரூனி குடும்பம்.

பழைய ஓனர், இப்போது வாடகைதாரர்.

இந்த முடிவில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய செலவில்லாமல் உலகத்தரமான ஸ்டேடியம். 'என்.எஃப்.எல். வீரர்கள் ஆடும் தரையிலேயே நீயும் ஆடலாம் தம்பி' என்று பள்ளி மாணவர்களை இழுக்க ஒரு வசதி.

ஆனால் இழந்தது வேறு. காலேஜ் ஃபுட்பாலின் சுவையே வளாகத்தில்தான் இருக்கிறது. காலையில் ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் பேண்டு வாத்தியச் சத்தம், நண்பர்களோடு நடந்தே ஸ்டேடியம், பழைய மாணவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 'அப்பா இங்கேதான் படிச்சேன்' என்று காட்டுவது... பிட் மாணவர்களுக்கு இப்போது மேட்ச் நாள் என்றால் பஸ் ஏறி டவுன்டவுனைத் தாண்டிப் போகிற ஒரு பயணம். மேட்ச் ஒருதலைப்பட்சமாகப் போனால் பாதியில் பஸ் பிடித்துத் திரும்புவதும் சுலபம்.

68,000 இருக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 45,000 பேர் வந்தால் ஒரு காலேஜ் மேட்சுக்கு அது நல்ல கூட்டம். சின்ன ஸ்டேடியத்தில் அதே கூட்டம் 'ஹவுஸ்ஃபுல்'. இங்கே பார்த்தால் 'ஈ ஓட்டுகிறார்கள்' என்று தோன்றும். டிவியில் பார்க்கிறவர் மனதில் பதிவது அந்தக் காலி மஞ்சள்தான்.

அப்போ ஊருக்குப் பிட்டைப் பிடிக்காதா?

அப்படிச் சொல்ல முடியாது. 2022 செப்டம்பர் 1, வியாழக்கிழமை. பக்கத்து மாநிலமான வெஸ்ட் வர்ஜீனியாவோடு மேட்ச். 'பேக்யார்டு பிரால்', அதாவது 'கொல்லைப்புறச் சண்டை' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தப் பழைய பகை, 2011-க்குப் பிறகு நடக்கவே இல்லை. அன்று வந்தவர்கள் 70,622 பேர். பிட்ஸ்பர்க் நகரத்தில் எந்த விளையாட்டுக்கும் அதுவரை கூடாத கூட்டம் அது. ஸ்டீலர்ஸுக்கும்கூட!

அந்த மேட்சை 38-31 என்று பிட் ஜெயித்தது. அதற்கு முந்தைய ரெக்கார்டும் பிட் மேட்ச்தான்: 2016-ல் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 69,983 பேர். அதிலும் 42-39 என்று பிட்டுக்கே வெற்றி.

இரண்டு மேட்சிலும் எதிரணி ரசிகர்கள் கணிசமாக வந்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. பகை இருந்தால், பழைய கதை இருந்தால் ஊர் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பகைகளே கலைந்துவிட்டன. பிட் 2013-ல் ஏ.சி.சி. என்ற லீகுக்கு மாறியது. ஏ.சி.சி. என்பதன் முதல் இரண்டு சொற்களே 'அட்லான்டிக் கரை'. வர்ஜீனியா, நார்த் கரோலினா என்று கீழே போய் ஆடுகிற டீம்களோடு, இந்த ஊர் மாமாக்களுக்கு என்ன வாய்க்கால் தகராறு இருக்கிறது?

வெற்றி மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021-ல் பிட் ஏ.சி.சி. சாம்பியன் ஆனது. குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் ஹீரோ ஆனார். அடுத்த வருஷம் அவரை ஸ்டீலர்ஸே தேர்ந்தெடுத்தது; அதே ஸ்டேடியத்தில், ஜெர்ஸி மட்டும் மாறியது. அதே சீசனில் நாட்டின் சிறந்த ரிசீவர் விருதை வாங்கிய ஜோர்டன் ஆடிசன், அடுத்த சீசனுக்கே கலிபோர்னியாவின் யு.எஸ்.சி-க்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசிகர்கள் மனசைக் கொடுப்பதற்குள் ஆள் கிளம்பியாச்சு.

2024-ல் பிட் முதல் ஏழு மேட்சையும் ஜெயித்தது. ஊர் நிமிர்ந்து பார்த்தது. அடுத்த ஆறும் தோல்வி, 7-6. ஊர் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைக்கே போய்விட்டது. ஸ்டீலர்ஸ் தோற்றால் இந்த ஊர் கோபப்படும். பிட் தோற்றால் சேனலை மாற்றும். குடும்பத்தில் ஒருவருக்கும் தெரிந்தவருக்கும் இருக்கும் வித்தியாசம் அது.

பிட்ஸ்பர்க் மட்டும்தானா?

இல்லை. மயாமி பல்கலைக்கழகம் 2007-க்குப் பிறகு பழைய ஆரஞ்சு பவுலை விட்டு, வளாகத்திலிருந்து ரொம்பத் தள்ளியிருக்கும் டால்ஃபின்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனது. கூட்டம் பற்றிய அதே புலம்பல் அங்கேயும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம், ஈகிள்ஸ் ஸ்டேடியத்தில் வாடகைக்கு ஆடுகிறது. வளாகத்தில் சொந்த ஸ்டேடியம் கட்ட முயன்றபோது அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கிடப்புக்குப் போனது.

எதிர் உதாரணங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 1995 முதல் 2015 வரை என்.எஃப்.எல். டீமே இல்லை. அந்த இடைவெளியில் யு.எஸ்.சி. டீம் 2003-2005-ல் தொடர்ந்து 34 மேட்ச் ஜெயித்து, ஊரின் ஸ்டாராகவே வலம்வந்தது. சியாட்டில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே என்.எஃப்.எல். டீமும் இருக்கிறது, வாஷிங்டன் பல்கலைக்கழக டீமுக்கும் உயிருள்ள ரசிகர் கூட்டம் இருக்கிறது. காலேஜ் டீமின் ஸ்டேடியம் வளாகத்திலேயே, ஏரிக்கரையில்.

அதாவது புரோ டீம் பக்கத்தில் இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. புரோ டீமின் வீட்டிலேயே போய்க் குடியிருப்பதுதான் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது.

கூட்டம் வராவிட்டால் என்ன நஷ்டம்?

'வராட்டி போகட்டும், விளையாட்டுதானே' என்று முன்பு விட்டிருக்கலாம். இப்போது முடியாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, சம்பளம். 2021 முதல் காலேஜ் வீரர்கள் விளம்பரம் மூலம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் கோர்ட் ஒப்புதல் கொடுத்த ஒரு சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். நன்கொடையும் டிக்கெட் காசும் வராத டீம், நல்ல வீரரைப் பிடித்துவைக்க முடியாது.

இரண்டு, டிவி. 2025-ல் ஏ.சி.சி. லீக் தன் டிவி வருமானத்தைப் பிரிக்கும் முறையை மாற்றியது. எல்லோருக்கும் சமபங்கு என்பது போய், எந்த டீமின் மேட்சை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவர்களுக்கு அதிகப் பங்கு என்ற கணக்கு உள்ளே வந்தது. ஊரின் அலட்சியத்துக்கு இப்போது டாலரில் விலை இருக்கிறது.

அப்போ சொந்த ஸ்டேடியம் கட்டலாமே?

பிட் ரசிகர்கள் சலிக்காமல் கேட்கும் கேள்வி இது. ஓக்லண்டை நேரில் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆஸ்பத்திரிகள், வகுப்பறைகள், வீடுகள் என்று இடுக்கு இல்லாமல் நிரம்பிய மேட்டு நிலம். இடம் கிடைத்தாலும் செலவு கோடிக்கணக்கான டாலர். வருஷத்துக்கு ஆறு, ஏழு ஹோம் மேட்சுக்காக அதைச் செய்வது கஷ்டம். ஒருமுறை இடித்த வீட்டைத் திரும்பக் கட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் மிக உயரமான கட்டடம் யு.எஸ். ஸ்டீல் டவர். அதன் உச்சியில் இன்று ஒளிரும் எழுத்து 'யு.பி.எம்.சி.'. பிட்டோடு இணைந்த மருத்துவமனைக் குழுமம் அது. எஃகு போன பிறகு இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியதில் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரிய பங்கு. ஊருக்குச் சோறு போடுவது இன்றைக்குப் பல்கலைக்கழகம்; ஊர் மார்பில் குத்திக்கொண்டிருப்பது எஃகின் சின்னம்.

இதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கஷ்ட காலத்தில் கூட இருந்தவரைத்தானே யாரும் முதலில் நினைப்பார்கள்?

பிட் ஜெயிக்கும் நாட்களில், வளாகத்தின் நடுவே நிற்கும் 42 மாடி 'கதீட்ரல் ஆஃப் லேர்னிங்' கட்டடத்தின் உச்சியில் தங்க நிற விளக்குகளைப் போடுவார்கள். 'விக்டரி லைட்ஸ்' என்று பெயர். மேட்ச் நடப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், விளக்கு எரிவது இந்தப் பக்கம். பஸ்ஸில் திரும்பி வரும் மாணவர்களுக்கு அது தூரத்திலிருந்தே தெரியும். இன்றைய பிட்ஸ்பர்க்கில் வேலைக்கு வந்தவர்களும் அந்த மாணவர்களும் எஃகு ஆலையைப் பார்த்ததில்லை. ஊரின் அடுத்த தலைமுறை அவர்கள்தான். சனிக்கிழமையின் எதிர்காலம், படிப்பு முடிந்தும் அவர்களில் எத்தனை பேர் அந்த ஊரிலேயே தங்கி, அந்த விளக்கைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.